ஒரு கையால் ஆடிய ஆட்டம்

சிறுநீரகம் கெட்டுப்போனால் வலிக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வலிக்கவில்லை. செருப்புதான் இறுகியது. காலையில் சரியாக இருந்த செருப்பு, ஆறாவது பீரியட் முடிந்து மாடிப்படி இறங்கும்போது காலில் தடம் பதித்திருந்தது. வேறு செருப்பு வாங்கினேன். அதுவும் இறுகியது. பிறகு வாயில் எப்போதும் ஓர் உலோக ருசி. ஒருநாள் பள்ளி லேபில் அமோனியா பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே அந்த நெடி வந்தது. பாட்டிலிலிருந்து அல்ல, என் மூச்சிலிருந்து. வேதியியல் டீச்சருக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று சாயங்காலமே டாக்டரிடம் போனேன்.

எங்கள் பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவருக்குப் போன மாதம் ரத்தப் பரிசோதனையில் ஏதோ ஏறியிருக்கிறது. "டயாலிசிஸ்னா எப்படி மிஸ் இருக்கும்?" என்று வராந்தாவில் நிறுத்திக் கேட்டார். நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். அதற்காகத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத வேறு ஒன்றும் சேர்ந்து வந்துவிட்டது. இதை அவரிடம் கொடுப்பேனா என்று இப்போது தெரியவில்லை.

என் பெயர் பத்மா. வயது நாற்பத்தைந்து. வீடு ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில். கணவர் ராகவன் ஒரு கல்லூரி அலுவலகத்தில் சூப்பரின்டெண்ட். எந்தத் தாளையும் தூக்கிப் போட மாட்டார். ஒரே பெண் மாலினி, கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறாள். என்னைவிட ஏழு வயது சின்னவன் என் தம்பி முரளி, சென்னையில் இருக்கிறான். இந்தக் கதைக்கு எங்கள் வீட்டில் இவ்வளவு பேர் போதும்.

தில்லை நகரில் சிறுநீரக டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "கிரியாட்டினின் எட்டரை இருக்கு" என்றார். கிரியாட்டினின் என்பது தசைகள் வேலை செய்வதில் மிஞ்சும் கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ள வேண்டும். தள்ளவில்லை என்றால் ரத்தத்தில் தங்கும். சாதாரணமாக ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது எனக்கு எட்டரை. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் திராட்சைக் குலை மாதிரி இருந்தன. உள்ளே முழுக்க நீர்க்கட்டிகள். பாலிசிஸ்டிக் என்று பெயர். கட்டிகள் வருஷக்கணக்கில் மெல்லப் பெருத்து, நல்ல சதையை நசுக்கிவிடும்.

"இது பரம்பரையா வர்றதுங்க. அப்பா, அம்மாவுக்கு இருந்துச்சா?"

"அப்பா நாப்பத்தெட்டுல தவறிட்டார். தலையில ரத்தக் குழாய் வெடிச்சு. பி.பி.ன்னு சொன்னாங்க."

டாக்டர் தலையசைத்து எழுதிக்கொண்டார். "உங்களுக்கு இதுக்கு முன்னாடி ஏதாவது ஸ்கேன்ல சொன்னாங்களா?"

"இல்லை" என்றேன்.

"கூடப் பிறந்தவங்க, பிள்ளைங்க எல்லாருக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க. பெத்தவங்க ஒருத்தருக்கு இருந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு."

அன்று ராத்திரி முரளிக்கு போன் பண்ணி, நோயின் பெயரைச் சொன்னேன். அவன் அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "என்னோடதுல ஒண்ணை எடுத்துக்கோக்கா. ரெண்டு இருக்கே" என்றான். பாதிக்குப் பாதி கணக்கையும் சொன்னேன். "சரி, டெஸ்ட் பண்ணிப் பார்த்துக்கலாம்" என்றான். ராகவனுக்குச் சர்க்கரை இருப்பதால் அவரால் கொடுக்க முடியாது. இறந்தவர்களிடமிருந்து தானம் பெறுபவர்கள் பட்டியலில் என் பெயரும் பதிவாயிற்று. அது வருஷக்கணக்கில் நீளும் வரிசை. எங்களுக்கு இருந்தது முரளி ஒருவன்தான்.

அவன் உடனே வரத் தயாராக இருந்தான். நான்தான் தள்ளிப்போட்டேன். தீபாவளி போகட்டும் என்றேன். பிறகு, உன் ஆபீஸ் வேலை முடியட்டும் என்றேன்.

டயாலிசிஸுக்கு இடது கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்வார்கள். ரத்தத்தை எடுத்துக்கொண்டு வரும் தமனியையும் திருப்பி எடுத்துப்போகும் சிரையையும் ஒன்றாகத் தைத்துவிடுவார்கள். ஃபிஸ்டுலா என்று பெயர். இரண்டு மாதத்தில் சிரை பெருத்துத் தடித்துக்கொள்ளும். அதன் மேல் விரலை வைத்தால், மூடிய டப்பாவுக்குள் வண்டு இருப்பது போல ஓர் அதிர்வு. அது நின்றால் உடனே ஓடி வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்தச் சிரையில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகும், மற்றொன்றின் வழியாகத் திரும்பி வரும். நான்கு மணி நேரம் அந்தக் கையை மடக்கக் கூடாது, அசைக்கக் கூடாது. செவ்வாய், வியாழன், சனி. காலை ஐந்தரைக்கு ஆட்டோவில் காவிரிப் பாலம் தாண்டிப் போனால் ஏழுக்குள் ஊசி ஏறிவிடும்.

ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான். ராகவன் ஒரு பாட்டிலில் அளந்து காலையில் மேஜைமேல் வைப்பார். காபி, சாத்துமுது என்கிற ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதிலிருந்துதான் கழியும். கோயிலுக்குப் போய்ப் பெருமாள் தீர்த்தம் கொண்டுவந்தால் அந்த ஒரு உத்தரணி, சின்னக் கரண்டி அளவைக்கூடப் பாட்டிலிலிருந்து எடுத்துக் கீழே ஊற்றிவிட்டுத்தான் எனக்குத் தருவார். காய்களை நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி தாளித்துக் கறியமுது பண்ணக் கற்றுக்கொண்டார். பொட்டாசியம் வடிந்து போக வேண்டுமாம். ருசியும் வடிந்து போய்விடும். அவரும் அதையேதான் சாப்பிட்டார். "தனித்தனியா எதுக்குத் தளிகை பண்றது?" என்பார்.

நான்கு மணி நேரம் என்ன செய்வது? புத்தகம் ஒரு கையில் நிற்காது. விடைத்தாள் திருத்த முடியாது. சுவரில் ஒரு டி.வி. உண்டு, அதில் எப்போதும் செய்தி. மூன்றாவது மணியில் கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு வரும். உடம்பிலிருந்து தண்ணீரை வேகமாக இழுப்பதால் வருவது. அதை எதிர்பார்த்துக்கொண்டே கிடப்பதுதான் வேலை.

இதைப் போனில் கேட்டுக்கொண்டிருந்த முரளி, தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து இறங்கினான். பையிலிருந்து ஒரு கருவியை எடுத்தான். இரண்டு உள்ளங்கை அகலம் இருக்கும். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள். ஒரு காலத்தில் அவன் கையைவிட்டு இறங்காத கேம்.

"எனக்கு எதுக்குடா இதெல்லாம்? சுடறதும் வெட்டறதும்."

"இதுல யாரும் யாரையும் சுட மாட்டா. பாரேன்."

இடது, வலது பக்கத் துண்டுகள் தனியாகக் கழன்று வந்தன. திரைக்குப் பின்னால் சாய்த்து நிறுத்த ஒரு கால் இருந்தது. ஆனால் ஆட்டத்தில் வரும் ஆளை நடக்க வைப்பது இடது கைத் துண்டு, முடிவெடுப்பது வலது கைத் துண்டு. எனக்கோ வலது கை மட்டும்தான். முரளி தன் இடது கையை ராகவனின் மேல்துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டச் சொன்னான். ராகவன் கட்டிவிட்டார். அப்படியே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கருவியின் அமைப்புகளுக்குள் போய் ஒவ்வொரு பொத்தானின் வேலையையும் வலது பக்கத்துக்கு மாற்றி, ஆடிப் பார்த்து, மறுபடி மாற்றினான். மூன்று மணிநேரம். இடையில் காபி கொடுத்தேன். அதையும் கட்டை அவிழ்க்காமலே குடித்தான். "இப்போ ஆடலாம். ஒரு கை போறும்" என்றான்.

அந்த ஆட்டத்தின் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு மலையூர். அங்கே மின்சாரம் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விடுகிறது. இத்தனை வருஷமாக ஒருத்தரும் நன்றி சொல்லவில்லை என்று கோபம். மன்னிப்புக் கேட்டு அதைத் திரும்பக் கூட்டிவர, ரிட்டயரான மீட்டர் ரீடிங் எடுப்பவர் ஒருவர் கிளம்புகிறார். அவர்தான் நாம். தன்னைத் தளபதி என்று நம்பும் ஒரு பன் ரொட்டியும், தண்ணீர் என்றால் பயப்படும் ஒரு நாரையும் துணைக்கு வருவார்கள். வழியில் சண்டைகள் உண்டு. ஏற விடாமல் உம்மென்று இருக்கும் மாடிப்படி, டை கட்டிய வாத்து, திறக்க மறுக்கும் பீரோ. நம் கையில் இருப்பவை நான்கு: புகார் சொல்லலாம், பெருமூச்சு விடலாம், டீ கொடுக்கலாம், ரீடிங் எடுக்கலாம். தோற்றுப்போனால் மீட்டர்காரர் சாக மாட்டார். "அவர் வெட்கப்பட்டு வீட்டுக்குப் போனார்" என்று எழுதி வரும், அவ்வளவுதான். மறுநாள் காலை வீட்டில் எழுந்து திரும்பக் கிளம்புவார்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. நாம் ஒரு பொத்தானை அழுத்தும்வரை எதிராளி ஒன்றும் செய்ய மாட்டான். எத்தனை நேரமானாலும் காத்திருப்பான். நர்ஸ் வந்து பி.பி. பார்த்து, மெஷின் கத்தி, ஊசியைச் சரிசெய்து, காலைப் பிடித்துவிட்டு எல்லாம் முடிந்து திரும்பிப் பார்த்தால், அந்த வாத்து டையைத் தடவிக்கொண்டு அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.

பக்கத்துப் படுக்கை செல்லமுத்துவுடையது. மருங்காபுரிப் பக்கத்து விவசாயி, கடலையும் சோளமும் போடுபவர். சர்க்கரையில் சிறுநீரகம் போனவர். முதல் பஸ் பிடித்து வருவார். இரண்டாவது நாளே திரையை எட்டிப் பார்த்தார்.

"என்னங்க டீச்சரம்மா அது, வாத்தா?"

"வாத்துதாங்க. வழிய மறிக்குது."

"என்ன எழுதியிருக்கு?"

"'முன் அனுமதி இல்லாமல் யாரும் மலையேறக் கூடாது'ங்குது."

"ஆபீஸ் வாத்து" என்றார். "அதுகிட்ட சண்டைக்கெல்லாம் போகாதீங்க. டீயக் குடுத்துப் பாருங்க."

டீ கொடுத்தேன். வாத்து குடித்துவிட்டு, அழுதுகொண்டே வழிவிட்டது. செல்லமுத்து வயிறு குலுங்கச் சிரிக்க, அவர் மெஷின் கத்தத் தொடங்கிவிட்டது. அன்றிலிருந்து அவர் படுக்கைப் பக்கம் திரையைக் கொஞ்சம் திருப்பி வைப்பேன். ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் சொல்வேன். முடிவெடுப்பது பெரும்பாலும் அவர்தான். வீட்டுக்கு வந்ததும் முரளிக்கு போன் பண்ணி, எங்கே நிற்கிறோம் என்று சொல்வேன். "பீரோவைத் தாண்டிட்டியா? எப்படி? நான் அதுல ஒரு வாரம் மாட்டிண்டேன்" என்பான். அப்பா போன பிறகு அவனை வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் படிப்பு, வேலை, கல்யாணம் பற்றியே பேசியிருக்கிறோம். ஒன்றுக்கும் உதவாத ஒன்றைப் பற்றி நாங்கள் அரைமணி நேரம் பேசிச் சிரித்தது அந்த மூன்று மாதம்தான்.

சித்திரையில் அவன் கேட்காமலே லீவு போட்டுவிட்டு வந்தான். "இனிமே தள்ள வேண்டாம்" என்றான். இரண்டு நாள் பரிசோதனை. மூன்றாம் நாள் டாக்டர் அறையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

"முரளி சார், உங்களால குடுக்க முடியாது" என்றார் டாக்டர். "உங்களுக்கும் அதே பிரச்சினை இருக்கு."

சரியாகக் காதில் விழாதவன் போல முரளி புன்னகைத்தான்.

"ரெண்டு பக்கமும் கட்டிங்க இருக்கு. கிரியாட்டினின் ரெண்டு. பி.பி. நூத்தெழுபது. தலைவலி வருமா?"

"அடிக்கடி வரும் டாக்டர். மாத்திரை போட்டுப்பேன்."

"என்ன மாத்திரை?"

முரளி பெயரைச் சொன்னான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த வலி மாத்திரை கிட்னிக்கு ஆகவே ஆகாதுங்க. எத்தனை வருஷமா?"

"பத்து, பன்னெண்டு வருஷமா."

"முன்னாடியே தெரிஞ்சு பி.பி.யக் கட்டுல வச்சிருந்தா, ரொம்ப வருஷம் தள்ளியிருக்கலாம். சரி, உங்க குடும்பத்துல இது முதல்ல எப்போ தெரிய வந்தது?"

அப்போது ராகவன், உதவியாக இருக்கட்டும் என்று, என் ஃபைலை முன்னால் தள்ளினார். "எல்லாம் தேதி வாரியா வச்சிருக்கேன் டாக்டர்."

டாக்டர் பின்னாலிருந்து புரட்டினார். முதல் தாளே பிளாஸ்டிக் உறைக்குள் பழுப்பேறிக் கிடந்தது. "இது பிரசவ ஸ்கேனா?"

ராகவன் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். "எங்க பொண்ணோட முதல் போட்டோ டாக்டர். அதுக்காகத்தான் வச்சிருக்கேன்."

டாக்டர் படத்தைப் பார்க்கவில்லை. கீழே இருந்த வரிகளை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுலயே எழுதியிருக்காங்களே மேடம். தாயோட ரெண்டு கிட்னியிலயும் நிறைய நீர்க்கட்டி, மேற்கொண்டு பரிசோதனை தேவைன்னு. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

இருபது வருஷம் ஒருவரும் வாசிக்காத வரி. குழந்தையின் தலை எது, கை எது என்று காட்டிக் காட்டி ராகவன் அந்தப் படத்தை எத்தனை பேரிடம் கொடுத்திருப்பார்.

"சொன்னாங்க" என்றேன்.

ஏழாம் மாதம் அம்மாவோடு போய் எடுத்த ஸ்கேன் அது. அங்கிருந்த லேடி டாக்டர் என்னை உட்காரவைத்து விளக்கமாகச் சொன்னார். பரம்பரை வியாதி, தம்பியையும் கூட்டி வாருங்கள் என்றார். வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை யார்கிட்டயும் சொல்லாதே. உன் புக்காத்துக்குத் தெரிய வேண்டாம். முரளிக்கு நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சி ஆகணும்" என்றாள். முரளிக்கு அப்போது பதினெட்டு வயது. நான் சரி என்றேன். அம்மா சொன்னாள் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. முரளிக்குக் கல்யாணம் ஆகிப் பத்து வருஷம். அம்மா போய் நான்கு வருஷம். சொல்ல நினைத்த நாட்களெல்லாம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்பானே என்ற பயத்தில் போயின. ஒவ்வொரு வருஷமும் அந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டே வந்தது. எனக்கு பி.பி. மாத்திரை முப்பத்திரண்டு வயதிலேயே ஆரம்பித்தாகிவிட்டது. ஏன் என்று எனக்கு மட்டும் தெரியும்.

வெளியே வந்தோம். ஸ்கூட்டர்கள் நிறுத்தும் இடத்தில் முரளி நின்றான். கோபமாகவே பேசவில்லை. எதையோ நினைவுபடுத்திக்கொள்பவன் போல என்னைப் பார்த்தான்.

"ஒவ்வொரு தடவையும் ஊருக்கு வரும்போது தலைவலின்னு சொல்லுவேன். அந்த மாத்திரையை எடுத்துக் குடுத்ததே நீதானேக்கா."

ஆமாம். என் கைப்பையில் ஒரு பட்டை எப்போதும் இருக்கும். வேதியியல் படித்தவள். அது சிறுநீரகத்தில் என்ன செய்யும் என்று தெரியாமல் கொடுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியும். அவனுக்கு இருக்காது என்று முடிவு செய்து வைத்திருந்தேன்.

அவன் அன்று மத்தியானமே பஸ் ஏறிவிட்டான். ராகவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் பாட்டிலில் தண்ணீர் அளந்து வைப்பது நிற்கவில்லை. மூன்றாம் நாள், "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே பத்மா" என்றார். அதற்குமேல் இன்றுவரை கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து முரளிக்கு, "கேமை அனுப்பி வைக்கவா?" என்று எழுதினேன். "வேண்டாம். நீயே வச்சுக்கோ" என்று பதில் வந்தது. அதன்பின் எதுவும் வரவில்லை.

மெஷினில் படுத்துக்கொண்டு கேமைத் திறக்காமலே இரண்டு வாரம் போயிற்று. செல்லமுத்து பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னாச்சுங்க? மீட்டர்காரர் அந்தப் பாலத்துலயே நிக்கிறாரே" என்றார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார். சமாதானமாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"சொல்லியிருக்கணும்ங்க" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "எடுங்க, பாலத்தத் தாண்டிரலாம்" என்றார். எடுத்தேன்.

ஆடி பிறந்து முதல் வாரத்தில் அவர் வரவில்லை. அடுத்த வாரம் அந்தப் படுக்கையில் தென்னூரிலிருந்து வரும் ஒரு பெண் இருந்தாள். டயாலிசிஸ் வார்டில் ஒருவர் வருவது நின்றுவிட்டால், ஏன் வரவில்லை என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஆட்டம் முடிந்தது ஆவணியில் ஒரு வியாழக்கிழமை. மீட்டர்காரர் கடற்கரையில் ஒரு டீக்கடையில் மின்சாரத்தைக் கண்டுபிடிக்கிறார். அது அங்கே கண்ணாடி டம்ளர் கழுவிக்கொண்டிருக்கிறது. மன்னிப்புக் கேட்கிறார். மூன்று விதமாகக் கேட்கலாம். நான் மூன்றையும் கேட்டுப் பார்த்தேன். "பரவாயில்லை. ஆனால் நான் வரவில்லை" என்கிறது மின்சாரம். மீட்டர்காரர் ரீடிங் எடுக்கிறார். பூஜ்யம். நோட்டில் குறித்துக்கொண்டு பன் ரொட்டியோடும் நாரையோடும் இருட்டில் வீடு திரும்புகிறார். அதற்குப் பின் பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. வேறு முடிவு இருக்கும் என்று கடைசிவரை பார்த்தேன். இல்லை.

பக்கத்துப் படுக்கைப் பெண் கண்ணை மூடியிருந்தாள். சொல்ல ஆளில்லை. முரளி இந்த ஆட்டத்தை முடித்ததே இல்லை. முடித்துவிட்டால் அப்புறம் என்ன ஆடுவது என்று ஒருமுறை சொல்லியிருக்கிறான். கடைசித் திரையைப் போனில் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் இரண்டு நீல டிக் விழுந்தன. அன்று முழுவதும் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

மிச்சம் இருந்தது மாலினி. அவளிடம் நோயின் பெயரைக்கூட நாங்கள் சரியாகச் சொல்லியிருக்கவில்லை. அம்மாவுக்குக் கிட்னி போய்விட்டது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அவளிடம் சொல்லப்போகிறேன் என்றதும் ராகவன் படபடத்தார்.

"படிப்பு முடியட்டுமே. இப்போ சொன்னா இடிஞ்சு போயிடுவா. நாளைக்கு ஒரு வரன் பார்க்கறச்சே..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து அவரே நிறுத்திக்கொண்டார்.

சரஸ்வதி பூஜை லீவில் வந்தவளை ஒரு சனிக்கிழமை என்னோடு டயாலிசிஸுக்கு அழைத்துப் போனேன். ஊசி ஏறிய பிறகு சொன்னேன். அந்த நிலையில் என்னால் எழுந்து போக முடியாது, அதனால். என் அப்பாவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரைப் பட்டை உட்பட.

"என்னைப் பெத்துக்கறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா?"

"ஏழாம் மாசம் தெரிஞ்சுது."

"மாமாகிட்ட ஏன் சொல்லலை?"

"பயம்."

"எதுக்கு?"

"மொதல்ல ஊருக்குப் பயந்தேன். அப்புறம் அவனுக்கே பயந்தேன்."

அவள் படுக்கை மேஜையிலிருந்த கருவியை எடுத்து, புதிதாக ஆட்டத்தைத் தொடங்கி, நான்கு மணி நேரமும் குனிந்த தலை நிமிராமல் ஆடினாள். வாத்தைப் புகார் சொல்லிச் சொல்லியே அடித்தாள். டீ கொடு என்று நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஸ்கேன் சென்டரில் அவளை ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் படம் தெளிவாக விழுமாம். எனக்கு எதிரில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், மடக்கு மடக்காகக் குடித்து முடித்தாள். உள்ளே நானும் போனேன். ஸ்கேன் எடுத்த டாக்டர் வழவழப்பான ஜெல்லைத் தடவி, கருவியை விலாவில் வைத்து அழுத்தினார். முதலில் பேசிக்கொண்டிருந்தார், எந்தக் காலேஜ், என்ன படிப்பு என்று. பிறகு பேச்சு நின்றது. அளவெடுக்கும்போது அந்த மெஷினில் டிக் என்று ஒரு சத்தம் வரும். ஓர் இடத்தில் டிக். நகர்த்தி, இன்னொரு இடத்தில் டிக். பிறகு மறுபக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார்.

"வீட்ல யாருக்காவது இருக்காம்மா?" என்று அவளைக் கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். ஃபிஸ்டுலாவைப் பார்த்ததும் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாலினி உள்ளறைக்குப் போய் போன் பண்ணினாள். கதவை முழுசாகச் சாத்தவில்லை. எனக்குக் கேட்கட்டும் என்றா, மறந்தாளா, தெரியவில்லை. ராகவன் கையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, ஃபைலில் சேர்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, எனக்கும் இருக்கு."

"ரெண்டு பக்கமும். சின்னச் சின்னதா."

"பி.பி. நார்மல்தான். கிரியாட்டினினும் நார்மல். ம். ம். இருங்கோ, எழுதிக்கறேன்."

"இல்ல மாமா, அம்மா சொன்னா. ஆமா. அவளேதான் சொன்னா."

 பிறகு மேற்கொண்டு செய்ய வேண்டியதைப் பேசினார்கள். என்ன சாப்பிடக் கூடாது, எந்த மாத்திரையைத் தொடக் கூடாது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். ஒருமுறை வாத்து என்ற சொல் காதில் விழுந்தது. நாற்பது நிமிஷம் இருக்கும். அவள் வெளியே வந்தபோது நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன சொன்னான்?"

"பி.பி. மெஷின் ஒண்ணு வாங்கி ரூம்ல வச்சுக்கச் சொன்னார்."

"வேற?"

மாலினி என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து அப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

"உன்னைப் பத்தி ஒண்ணும் கேக்கலைம்மா" என்றாள்.

கேட்டார் என்று அவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.